சும்மா போய் உட்கார ஒரு இடம்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 29, வீடு வடசென்னையில் எம்.கே.பி. நகர், வேலை ஓ.எம்.ஆர். பக்கம், சம்பளம் பரவாயில்லை. போன், பைக், சுவரை அடைக்கிற டிவி எல்லாம் தவணையில் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை மாலுக்குப் போய் வந்தால் வேலை நாளை விட அலுப்பாக இருக்கிறது. நல்லா வாழ்றது என்றால் இவ்வளவுதானா, நம்ம ஏரியா கானா, பாக்ஸிங் என்று ஆளாளுக்குப் பெருமை பேசுகிறார்களே அதனால் எனக்கு என்ன வந்தது, பேசாமல் வேளச்சேரி பக்கம் வீடு மாறிவிடலாமா என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுவோம். வீட்டில் மூச்சிழுப்பு இருக்கிற குழந்தையோ பெரியவரோ இருந்தால் மாறுங்கள், யோசிக்கவே வேண்டாம். மணலித் தொழிற்சாலைப் புகையையும் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலையும் "மண்வாசனை" என்று சொல்லிக்கொண்டு யாரும் மூச்சுத் திணற வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது, அதே மாதக் கடைசியில் ஒரு ராத்திரி அமோனியா கசிந்து பெரியகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊர்ப் பாசம் பற்றி நான் கீழே எழுதப்போவது எதுவும் இதற்குப் பதில் ஆகாது. ஆனால் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், மனசுதான் வெறிச்சென்று இருக்கிறது என்றால், வேளச்சேரியிலும் மால் இருக்கிறது, அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை வரும்.

நான் யார் என்று சொல்ல வேண்டும் இல்லையா. 1987-ல் பழைய வண்ணாரப்பேட்டையில் ரெக்கார்டிங் சென்டர் ஆரம்பித்தவன். உங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தத் தொழில் தெரிய நியாயமில்லை. நோட்டுத் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள், வெற்று கேசட்டில் பதிந்து கொடுப்போம். 60 நிமிஷக் கேசட் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு. (முறைப்படி பார்த்தால் திருட்டுத் தொழில்தான். ஊரில் அன்றைக்கு யாரும் அப்படிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.) கேசட் செத்த பிறகு சிடி, சிடி செத்த பிறகு மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவது, அதுவும் போன பிறகு இப்போது மொபைல் சர்வீஸ். ஒரே கடை, ஒரே ஸ்டூல், எதிரில் சாமான் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் ஜனங்கள் எதை ஆசையாக வாங்குகிறார்கள், எதை எத்தனை மாதத்தில் மறந்துபோகிறார்கள் என்பதை நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

வாங்காதே என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அப்பனும் தாத்தனும் கூலி வேலை பார்த்த தெருவில் முதல் தலைமுறையாக ஏசி போடுகிறவனைப் பார்த்து "நுகர்வு வெறி" என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. அப்படிப் பேசுகிறவர் வீட்டில் ஏசி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது, கடலைப் பார்த்தபடி. கப்பல் வியாபாரம் பண்ணிய கோடீஸ்வரர், காதில்லாத ஊசிகூட கடைசியில் கூட வராது என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். போய்ப் பாருங்கள், நல்ல இடம். ஆனால் அவருக்கு விடுவதற்கு நிறைய இருந்தது. கால் பவுன் கம்மலை மீட்க மார்வாடிக் கடை வாசலில் நிற்கிற அம்மாவிடம் போய்ப் பட்டினத்தார் கதை சொல்ல முடியுமா?

கணக்கு மட்டும் பாருங்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் கடைத்தெருவில் தண்டல் ஓடும். பத்தாயிரம் தண்டல் என்றால் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள், நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்க சாதாரணமாக இருக்கும். முதல் நாளில் இருந்தே அசலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறோம் என்பதையும் சேர்த்துப் போட்டால் வருஷ வட்டி 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. பூக்காரம்மாவுக்கு இது தெரியும், வேறு வழியில்லாமல் வாங்குகிறார். கடையில் டை கட்டிய பையன் "நோ காஸ்ட் இஎம்ஐ சார்" என்று நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற நமக்குத்தான் தெரியாது. வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டியை வேறு பெயரில் ஒளிக்கிறீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளைக் கண்டித்தது. மொத்தமாகக் கட்டினால் கிடைக்கிற தள்ளுபடி தவணைக்காரனுக்குக் கிடைக்காது, அதுதான் வட்டி. மேலே ப்ராசஸிங் ஃபீ, அந்த ஃபீ மேல் ஜிஎஸ்டி.

இன்னொன்று, மெக்கானிக்காகச் சொல்கிறேன். "போன் ஸ்லோ ஆயிடுச்சு, மாத்தணும்" என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் போனில் ஒன்றும் இல்லை, பேட்டரிதான் தளர்ந்திருக்கும். லித்தியம் பேட்டரி சுமார் ஐந்நூறு தடவை முழுசாக ஏற்றி இறக்கினால் திராணி குறையும், பல போனில் அப்படித்தான். பேட்டரியை மாற்றி உள்ளே துடைத்துக் கொடுத்தால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். சொல்வேன். கேட்டுக்கொள்வார்கள். அடுத்த மாதம் புதுப் போனோடு டெம்பர்டு கிளாஸ் ஒட்ட வருவார்கள். எனக்கென்ன, அதிலும் எனக்கு நூறு ரூபாய்.

பழைய போன் எங்கே போகிறது, அது வந்த டப்பா, தெர்மாகோல், பபிள் கவர் எல்லாம் எங்கே போகின்றன? உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். எம்.கே.பி. நகர் மொட்டை மாடியில் ஏறினால் கொடுங்கையூர் மேடு தெரியும், காத்து திரும்பினால் வாசனையே சொல்லும். சென்னையின் இரண்டு பெரிய குப்பைக் கிடங்குகளில் ஒன்று பெருங்குடி, இன்னொன்று நம்முடையது. நகரம் வாங்கித் தள்ளுகிறதில் வடக்குப் பாதி நம் வீட்டுப் பின்னால் வந்து விழுகிறது. இப்போது தோண்டிப் பிரிக்கிறார்கள். முடியட்டும், பார்ப்போம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாலில் உங்களுக்கு ஏன் அலுக்கிறது? நான் என் மகளோடு அங்கே போயிருக்கிறேன். குளுகுளு என்று இருக்கும், சுத்தமாக இருக்கும், தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே நாலு மணி நேரம் இருந்தால் உங்கள் பெயரைச் சொல்லி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள், "சார்" என்பார்கள், அதுவும் கையில் பை இருக்கிறவரைக்கும். உட்கார வேண்டும் என்றால் ஏதாவது வாங்க வேண்டும். வாங்கியது தீர்ந்தால் எழுந்திருக்க வேண்டும். காசு கொடுக்காமல், யாரும் அழைக்காமல், சும்மா போய் உட்காரலாம், உட்கார்ந்தால் "எங்கடா நாலு நாளா ஆளக் காணோம்" என்று ஒருத்தன் கேட்பான், அப்படி ஒரு இடம் உங்களுக்கு இருக்கிறதா? உங்கள் கேள்வி முழுக்க எனக்கு அதுதான் தெரிகிறது. வடசென்னையின் கலை என்று நீங்கள் கேள்விப்படுகிற எல்லாமே அப்படிப்பட்ட இடத்தில்தான் உண்டானது. மேடையில் உண்டானது ரொம்பக் குறைவு.

பெரம்பூர் பின்னி மில் கேள்விப்பட்டிருப்பீர்கள், அப்பா காலத்தில் மில் சங்கு ஊதினால்தான் பக்கத்துப் பட்டாளம் ஏரியாவில் கடிகாரம் திருத்துவார்கள். 1996-ல் மூடிவிட்டார்கள். அந்த மில் தொழிலாளர்கள்தான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள், இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூட இருந்தார், இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் வரும். அதற்கு முந்தின கதைதான் எனக்குப் பிடித்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அந்தப் பக்கம் சிறு வியாபாரிகள், ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பக்திச் சபை நடத்திவந்தார்கள். மில்லில் இருந்து வருகிறவர்கள் பக்திப் பேச்சும் பாட்டும் கேட்க அங்கே வந்து உட்காருவார்கள். உட்கார்ந்த இடத்தில் மில்லில் வாங்கிய அடியையும் திட்டையும் சொல்லி அழுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த இரண்டு பேரும் வாடியாவைத் தேடிப் போனார்கள். சங்கம் கேட்ட முதல் விஷயங்களில் ஒன்று என்ன தெரியுமா? மத்தியான சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம் போதவில்லை, பத்து நிமிஷம் கூட்டிக் கொடுங்கள் என்பது. பத்து நிமிஷம்! உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட.

பஜனைக்குப் போனவன் சங்கத்தோடு திரும்பி வந்தான். அதுதான் சும்மா உட்காருகிற இடத்தின் கெட்டிக்காரத்தனம், எதற்காக வந்தோமோ அதற்கு மேல் ஒன்று நடந்துவிடும். மாலில் அது நடக்காது, நடக்காதபடிதான் கட்டியிருக்கிறார்கள்.

சங்கீதம் தெற்கே மயிலாப்பூரில் இருக்கிறது, வடக்கே கானா மட்டும்தான் என்று ஒரு கணக்கு ஊரில் ஓடுகிறது, அதையும் கலைத்துவிடுகிறேன். வீணை தனம்மாள் இருந்தது ஜார்ஜ் டவுனில், ராமகிருஷ்ண செட்டித் தெருவில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே வாசிப்பார், பெரிய வித்வான்களே தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். மைக் கிடையாது, விரல் நகம் கம்பியில் படுகிற சத்தத்துக்குக் காதைக் கொடுக்க வேண்டும். தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனை பாடினார். வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடைக் கொட்டகையில் ராத்திரி முழுக்க நாடகம் நடந்தது. கந்தசாமி கோயில் பக்கம் குஜிலிக் கடைகளில் கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து என்று காலணா, அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்றார்கள், வாங்கியவன் தெருமுனையில் நின்று ராகம் போட்டுப் படிப்பான், வாங்காதவன் சுற்றி நின்று கேட்பான். ராயபுரத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபு தர்கா இருக்கிறது, தொண்டிப் பக்கம் இருந்து வந்த அந்தத் தொண்டியார் பெயரில்தான் தண்டையார்பேட்டையே வந்தது என்பார்கள். சூஃபிக்காரர் பாட்டும் சித்தர் பாட்டும் நாடகப் பாட்டும் துறைமுகக் கூலிக்காரன் பேச்சும் கலந்து ஊறிய இடத்தில் கானா முளைத்தது. ஆகாசத்தில் இருந்து குதிக்கவில்லை.

கானாவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், அது என் கடை வழியாகப் போனது.

சாவு வீட்டில், இல்லையென்றால் பதினாறாம் நாள் படத் திறப்பில், ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு ஆரம்பிக்கும். ஒரு டோலக்கோ தபேலாவோ இருக்கும், இல்லாவிட்டால் அலுமினியச் சட்டி, மேஜை, தீப்பெட்டி எது கிடைத்தாலும் தாளம்தான். முதலில் சாமிப் பாட்டு, அப்புறம் தத்துவம், எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது நடுராத்திரிக்கு மேல்தான் வரும். பாடகர் வந்தவுடனேயே வீட்டுக்காரர்களை ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்துவைத்திருப்பார். பெயர் என்ன, எங்கே வேலை, பிள்ளைகள் எத்தனை, எந்தப் பிள்ளை மேல் உயிர், எதைச் சாப்பிடுவார், யாரோடு சண்டை. ஒரு பீடி குடிக்கிற நேரம். அந்த நாலு விவரத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் செத்தவர் வாழ்க்கையைப் பாடுவார். எழுதிவைத்தது கிடையாது, அங்கேயே கட்டுவது. வாழ்ந்தபோது எந்தப் பத்திரிகையிலும் பெயர் வராத மனிதனுக்கு அவன் தெருவே உட்கார்ந்து கேட்கிற ஒரு பாட்டு கிடைத்துவிடும். இடையில் யாராவது எழுந்து "அதச் சொல்லலியே வாத்தியாரே, அவுரு எங்க கல்யாணத்துக்கு பந்தல் போட்டாரே" என்பார், அடுத்த அடியில் பந்தல் வந்துவிடும். பாடகர் ஒருத்தர்தான், ஆனால் பாட்டைக் கட்டுகிறது தெரு.

எங்களிடம் இரண்டு டூ-இன்-ஒன் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி) இருந்தன. ப்ளேயையும் ரெக்கார்டையும் சேர்த்து அமுக்கினால் அதிலேயே இருக்கிற மைக்கில் பதியும். நான் போகிற கச்சேரியை எல்லாம் பதிந்துகொண்டு வருவேன், வீட்டுக்காரர்கள் கேட்டால் ஒரு காப்பி. 1988-ல் இருந்து 97, 98 வரை ஐம்பது, அறுபது கேசட் சேர்ந்திருந்தது. நாய் குரைப்பது, குழந்தை அழுவது, டீ டம்ளர் சத்தம் எல்லாம் அதில் இருக்கும்.

2009-ல் கடையை மாற்றிக் கட்டினேன். கண்ணாடி ஷெல்ப் போட வேண்டும், போன் பேக் கவர் வைக்க இடம் வேண்டும், அப்போது பேக் கவர் நன்றாக ஓடியது. அந்த அட்டைப் பெட்டியை மற்ற பழைய சாமானோடு சேர்த்துக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டேன். கிலோ கணக்கில். எவ்வளவு வந்தது என்று ஞாபகம் இல்லை, டீ செலவுக்கு ஆகியிருக்கும். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, எந்தக் கார்ப்பரேட்டும் வந்து பிடுங்கவில்லை.

நாலு வருஷம் கழித்து ஒருவர் வந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும், வளைகுடாவில் வேலை. அவர் அப்பா காசிமேட்டில் மீன்பாடி வண்டி ஓட்டியவர், 94-ல் இறந்தபோது இவருக்குப் பதினாறு வயது. பதினாறாம் நாள் பாட்டை நான் பதிந்தது அவருக்கு நினைவிருந்தது. "அண்ணே, அந்த கேசட்டு ஒரு காப்பி கெடைக்குமா? எவ்ளோ ஆனாலும் பரவால்ல" என்றார். நான் என்ன சொல்ல? பெட்டி இருந்த இடத்தில் கலர் கலராகக் கவர் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்பா தெரு திரும்பும்போது ஹார்ன் அடிக்காமல் விசில் அடிப்பார், பாடகர் அந்த விசிலையும் பாட்டுக்குள் வைத்திருந்தார் என்று சொல்லி, அந்த விசிலை அடித்துக் காட்டிவிட்டுப் போனார். போகும்போது சார்ஜர் ஒன்று வாங்கினார், நான் காசு வேண்டாம் என்றேன், வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ராத்திரிக் கச்சேரி இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்தில் இருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. காலையில் வேலைக்குப் போகிறவனுக்கும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அது நியாயம்தான், நானே அந்தக் கஷ்டம் பட்டிருக்கிறேன். கானா அப்புறம் சினிமாவுக்குப் போனது, யூடியூபுக்குப் போனது, மேடைக்கும் போனது. 2017-ல் ஆரம்பித்த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் (சாதியற்றவர் கூட்டு) இசைக் குழு அடுத்த ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி பண்ணியது. அதில் பாடிய ராயபுரத்து இசைவாணி பெயர் 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தது. சாவு வீட்டு ராத்திரியில் பெண் ஒருத்தி உட்கார்ந்து பாடியதை நான் பார்த்ததே இல்லை, அதனால் அது சின்ன விஷயம் இல்லை. இன்னொரு பக்கம், ஏமாற்றிவிட்டாள் என்று ஒரு பெண்ணைத் திட்டியே ஐந்து நிமிஷம் ஓடுகிற பாட்டுகளும் கானா என்ற பெயரில் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. பாடுகிற பையன்கள் திறமைசாலிகள், அது தெரிகிறது, எதிரில் உட்கார்ந்து "அதச் சொல்லலியே" என்று கேட்கத்தான் ஆள் இல்லை. எண்ணிக்கை காட்டுகிற மீட்டர் மட்டும் இருக்கிறது, அது எது ஓடியதோ அதையே திரும்பக் கேட்கும்.

நீங்கள் அதைப் பெட்டில் படுத்துக்கொண்டு ஹெட்செட்டில் கேட்பீர்கள், கேட்டுவிட்டு "நம்ம ஏரியாடா" என்று ஸ்டேட்டஸ் வைப்பீர்கள். வையுங்கள், தப்பில்லை. ஆனால் அதனால் எனக்கு என்ன வந்தது என்று கேட்டீர்களே, உண்மையிலேயே ஒன்றும் வராது. மாலில் சட்டை பார்க்கிற மாதிரி ஏரியாவையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் எப்படி வரும்?

போய்ச் சேரலாம். நீங்கள் பாட வேண்டும் என்று இல்லை, பாடத் தெரியாதவனுக்கும் இங்கே இடம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. கேரம் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்து வியாசர்பாடியில் இருந்து போன இளவழகி 2008-ல் உலக சாம்பியன். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா, ஆட்டோ ஓட்டுநர் மகள், 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் அடித்தாள். அதற்கெல்லாம் முன்பே கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கிய மரியா இருதயம் இதே சென்னைக்காரர். ஏன் இங்கே இவ்வளவு கேரம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு போர்டு, பத்தொன்பது காய், ஒரு ஸ்ட்ரைக்கர், மேலே தொங்குகிற ஒரு பல்பு. நாலு பேர் ஆடுவார்கள், பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள், பத்தடி அகலச் சந்தில் அவ்வளவுதான் முடியும், அதனால் அதில் பிரமாதமாகத் தேறிவிட்டார்கள். மன்றத்துப் போர்டில் தோற்றால் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும், அதனால் எட்டு வயதுப் பையன் கூட அறுபது வயதுக்காரரோடு ஆட்டத்தை நிறுத்திவைக்கக் கற்றுக்கொள்வான். பாக்ஸிங்கும் அப்படித்தான், ஜிம்முக்கு மாதச் சந்தா கட்டி டிரெட்மில்லில் தனியாக ஓடுகிறதை விட, புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ ஒரு பழைய வாத்தியாரிடம் போய் நின்றால் முதல் மூணு மாதம் கயிறு குதிக்க வைத்தே கொன்றுவிடுவார். 1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டபோது ஸ்டேடியத்தில் நம் ஆட்கள் எவ்வளவு பேர் என்று எங்கள் மாமா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் டிக்கெட் வாங்கினாரா என்பது வேறு விஷயம்.

ஆடி மாசம் கூழ் ஊற்றுவது இருக்கிறது. உங்கள் தெரு அம்மன் கோயிலில் அடுத்த ஆடிக்குப் போய் "நான் என்ன பண்ணணும்ணா" என்று கேளுங்கள். நன்கொடைச் சீட்டில் ஐந்நூறு எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள், அது ரொம்ப சுலபம், அதுவும் ஒரு மாதிரி ஷாப்பிங்தான். வெங்காயம் உரிக்கச் சொல்வார்கள், உரியுங்கள். பம்பையும் உடுக்கையும் அடிக்கிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், வர்ணனை ஏறி ஏறிப் போகும்போது தோல் வாத்தியத்தின் அதிர்வு தரை வழியாக முதுகில் ஏறும், அந்த ஒன்றை எந்தச் சவுண்ட்பாரும் தராது. நானும் 2007-ல் ஹோம் தியேட்டர் வாங்கியவன்தான், தெரிந்துதான் சொல்கிறேன். அதில் மூன்று மாதம் பாட்டுக் கேட்டேன், இப்போது பெரிய ஸ்பீக்கர் மேல் தொட்டிச் செடி இருக்கிறது, நன்றாக வளர்கிறது.

இதில் ஒரு தொந்தரவும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. ஆட்கள் இருக்கிற இடத்தில் ஆட்கள் தலையிடுவார்கள். கல்யாணம் எப்போ, சம்பளம் எவ்வளவு, அந்தப் பொண்ணு யாரு என்று கேட்பார்கள். சாதி பார்க்கிறவன் இருப்பான், கட்சிக்காரன் இருப்பான், சாயங்காலம் குடித்துவிட்டு வந்து தோளில் சாய்கிறவன் கட்டாயம் இருப்பான். பெண்களுக்கு மன்றத்துத் திண்ணையில் இடம் கொடுக்கிற தெரு இன்றைக்கும் குறைவு, இளவழகியும் காசிமாவும் வந்த பிறகு கேரமில் கொஞ்சம் மாறியிருக்கிறது, மற்றதில் அவ்வளவாக இல்லை. மாலில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, உண்மை. அங்கே யாரும் உங்களை எதுவும் கேட்க மாட்டார்கள். நீங்கள் எழுதியிருந்த அலுப்பு எனக்கு அந்தப் பக்கத்துத் தொல்லையாகத்தான் தெரிகிறது, இரண்டில் எந்தத் தொல்லை வேண்டும் என்று பாருங்கள்.

தவணை எல்லாம் முடிகிறவரை புதிதாக எதுவும் எடுக்காதீர்கள். போன் பேட்டரி போனால் மாற்றுங்கள், என்னிடம்தான் மாற்ற வேண்டும் என்று இல்லை. வேலை நாளில் ஓ.எம்.ஆரில் இருந்து வீடு வந்து சேரவே எட்டரை, ஒன்பது ஆகும், அதற்கு மேல் யாரிடமும் எதையும் எதிர்பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றை மட்டும் மாலிடம் இருந்து பிடுங்குங்கள். பாட்டி, தாத்தா யாராவது வீட்டில் இருந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழைய கதையைப் போனில் பதிந்துவையுங்கள், பதிந்ததை எங்கேயும் போட வேண்டாம், அழிக்காமல் மட்டும் இருங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆளும் தெரியாது, எங்கே போய் ஆரம்பிப்பது என்று கூச்சமாக இருந்தால் எங்கள் பக்கமே வாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோடு ஜவுளிக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே சந்துக்குள் வந்தால், ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு போர்டு வெளியே போட்டிருப்போம். ஆடத் தெரியாவிட்டால் பரவாயில்லை, நானும் அப்படி ஒன்றும் ஆடுகிறவன் இல்லை, ரெட் போட்டுவிட்டு ஃபாலோ விடுகிற ஆள். வரும்போது போரிக் பவுடர் ஒரு டப்பா வாங்கி வாருங்கள், போன வாரமே எங்களுடையது தீர்ந்துபோய் முகத்துக்குப் போடுகிற பவுடரில் ஆடிக்கொண்டிருக்கிறோம், காய் நகர மாட்டேன் என்கிறது.